முள் காட்டுவதும் காட்டாததும்: வாயுவும் அழுத்தமும், கேள்வி பதில்

தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பல வருடம் பம்பு, கம்ப்ரசர், வாயு விதிகள் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். நம்ம திருநெல்வேலிச் சீமை ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு இழுக்கத் தெரியாது, தள்ள மட்டுமே தெரியும். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு இதுதான் வேர்.

நாங்குநேரி, விவசாயி: அண்ணாச்சி, நம்ம கிணறு அறுபது அடி. சித்திரையில தண்ணி நாப்பத்தஞ்சு அடிக்குக் கீழ போயிருது. மேல வச்சிருக்க அஞ்சு எச்பி மோட்டார் ஓடுது, தண்ணிதான் ஏற மாட்டேங்கு. மெக்கானிக்கு ஏழரை எச்பி போடச் சொல்லுதாரு. போடலாமா?

போடாதீங்க அண்ணாச்சி. ஏழரை என்ன, எழுபத்தைந்து எச்பி போட்டாலும் அந்த இடத்தில் தண்ணீர் ஏறாது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. கிணற்றுக்குள் இறங்கும் சக்சன் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான் அதன் வேலை. தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுவது கிணற்றுத் தண்ணீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று. அதன் பலம் கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. இந்தப் பலம் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். குழாயைச் சுத்தமாக வெற்றிடமாக்கினாலும் அவ்வளவுதான். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. குழாய் உராய்வு, குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் போகும் இழப்பு, அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரே ஆவியாகிக் குமிழிவிடுவது எல்லாம் சேர்ந்து 20, 25 அடியில் நிறுத்திவிடும்.

இத்தாலியில் கிணறு தோண்டியவர்களும் இதே இடத்தில்தான் திகைத்து நின்றார்கள். அங்கிருந்துதான் டாரிசெல்லி என்ற விஞ்ஞானி 1643-இல் பாதரசத்தை எடுத்தார். பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம், ஆகவே 34 அடிக்குப் பதில் 76 சென்டிமீட்டரிலேயே நின்றது. குழாய்க்குள் வெற்றிடம் இழுக்கவில்லை, வெளியே காற்றுதான் தள்ளுகிறது என்று அவர் கண்டுகொண்டார்.

உங்களுக்கு வழி இரண்டு. கிணற்றுக்குள் மேடை கட்டி, கோடைத் தண்ணீர் மட்டத்துக்கு இருபது அடிக்குள் மோட்டாரை இறக்குங்கள். நம்ம ஊர்ப் பழைய கிணறுகளில் பாதிச் சுவரில் திண்டு இருப்பது அதற்காகத்தான். இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டார். கீழே இருந்து மேலே தள்ளுவதற்கு 34 அடி எல்லை கிடையாது. அங்கேதான் எச்பிக்கு மதிப்பு.

சுரண்டை: அப்போ போர்வெல்லுல கம்ப்ரசர் மோட்டார் முந்நூறு அடியில இருந்து தண்ணி கொண்டாருதே, அது எப்படி? மோட்டார் மேலதானே இருக்கு?

நல்ல கேள்வி. கம்ப்ரசர் எதையும் மேலிருந்து உறிஞ்சுவதில்லை. அழுத்திய காற்றைச் சின்னக் குழாய் வழியாக அடிக்கு அனுப்புகிறது. அங்கே தண்ணீர்க் குழாய்க்குள் காற்று குமிழியாகக் கலக்கிறது. குமிழி கலந்த தண்ணீருக்குக் கனம் குறைவு, வெளியே குழியில் நிற்கும் வெறும் தண்ணீருக்குக் கனம் அதிகம். கனமானது கனமில்லாததை மேலே தள்ளிவிடுகிறது. தண்ணீர் சீராக விழாமல் விட்டு விட்டுத் துப்புவது அதனால்தான். குழாயின் நுனி தண்ணீருக்குள் நல்ல ஆழம் முங்கியிருக்க வேண்டும். மட்டம் கீழே போகப்போக வெறும் காற்று மட்டும் வரும். மின்சாரச் செலவில் நீர்மூழ்கி மோட்டாரைவிட இது மோசம். மண், மணல் கலந்து வரும் போருக்கு மட்டும்தான் நான் இதைச் சொல்வேன்.

பாளையங்கோட்டை, எட்டாம் வகுப்பு மாணவி: சார், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோன்னா என் உள்ளங்கை மேல நூறு கிலோ இருக்குமே. எனக்கு ஏன் ஒண்ணும் தெரியல?

உன் கணக்கு ரொம்பச் சரி, பாப்பா. உள்ளங்கையின் மேல்பக்கம் நூறு கிலோ அளவுக்குத் தள்ளும் அதே காற்று, கீழ்ப்பக்கமும் நூறு கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளுகிறது. காற்று எல்லாத் திசையிலும் ஒரே அளவு தள்ளும். உன் உடம்புக்குள் இருக்கும் நீரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்கத்துக் காற்றை மட்டும் எடுத்துவிட்டால்தான் அது எவ்வளவு பெரிய பலம் என்று தெரியும். 1650-களில் ஆட்டோ வான் கெரிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இரண்டு செம்புக் கிண்ணங்களை ஒட்டவைத்து, உள்ளிருந்த காற்றை எடுத்தார். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சேர்த்துத் தெரிந்துகொள். காற்று அசையாமல் கிடக்கும் பொருள் இல்லை. நீ உட்கார்ந்திருக்கும் அறையில் நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்கு 450 மீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருக்கின்றன. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்து 25-க்குப் பின்னால் 18 சுழி போட்ட எண்ணிக்கையில் இருக்கின்றன. எல்லாம் சுவரிலும் உன் மேலும் மோதித் திரும்புகின்றன. தகரக் கூரையில் அடைமழை பெய்யும்போது ஒவ்வொரு துளியையும் தனியாகக் கேட்க முடியுமா? ஒரே இரைச்சலாகத்தானே கேட்கும்! அப்படித்தான் இத்தனை மோதலும் சேர்ந்து ஒரே சீரான அழுத்தமாக நமக்குக் கிடைக்கிறது. வேகமாக மோதினால் அழுத்தம் கூடும், அதுதான் வெப்பத்தின் விளைவு. இடத்தைக் குறுக்கினால் அடிக்கடி மோதும், அப்போதும் அழுத்தம் கூடும், அது 1662-இல் பாயில் என்ற விஞ்ஞானி சொன்னது. டேனியல் பெர்னூலி 1738-லேயே இந்த மோதல் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார்.

தென்காசி, இல்லத்தரசி: சிலிண்டர்ல எவ்வளவு கேஸ் மிச்சம்னு பாக்க பிரஷர் மீட்டர் ஒண்ணு விக்காங்க. வாங்கலாமா சார்?

அதற்காக வாங்காதீங்கம்மா. 14.2 கிலோ என்று நாம் வாங்குவது திரவமாக இருக்கிறது, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. திரவத்தின் மேலே கொஞ்சம் ஆவி நிற்கிறது. நீங்கள் அடுப்பைத் திறந்து ஆவியை எடுத்தால், திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அந்த அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. எவ்வளவு மிச்சம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். கடைசித் துளித் திரவமும் தீர்ந்த பிறகுதான் சரசரவென்று இறங்கும். அதற்குள் உங்கள் சாம்பார் பாதியில் நின்றுவிடும்.

எடை போடுவதுதான் சரியான வழி. காலி சிலிண்டரின் எடையை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தராசு இல்லையென்றால், அடுப்பு எரியும்போது ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரு பட்டை துடைத்துவிடுங்கள். திரவம் நிற்கும் உயரம்வரை ஈரம் தாமதமாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காயும்.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவி மூலையில் தேங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், மின்விசிறி போடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த வாடையே கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் மெர்காப்டன் என்ற பொருளுடையது. எல்பிஜி என்ற இந்தச் சமையல் வாயுவுக்குத் தானாக வாடை இல்லை.

ஆலங்குளம், கல்யாணச் சமையல்காரர்: பெரிய அடுப்பு மூணு ஒண்ணா எரிக்கும்போது சிலிண்டர் வெளிய பனி பிடிச்சுப் போவுது, தீ சிறுத்துருது. பையங்க சுடுதண்ணிய ஊத்துதானுவ. சரிதானா?

காரணம் மேலே சொன்னதுதான். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. வேகமாக எடுக்கும்போது வெளிக்காற்று கொடுக்கும் வெப்பம் போதாமல் திரவம் குளிர்கிறது, குளிர்ந்தால் அழுத்தம் இறங்குகிறது, தீ சிறுக்கிறது. கொதிக்கிற தண்ணீரோ தணலோ வேண்டவே வேண்டாம். திரவம் விரிந்து நிரம்புவதற்காகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டுத்தான் நிரப்புகிறார்கள். அளவுக்கு மீறிச் சூடேற்றினால் அந்த இடமும் தீர்ந்துபோகும். இரண்டு மூன்று சிலிண்டரை முறையான மேனிஃபோல்டு (இணைப்புக் குழாய்) போட்டு ஒரே குழாயில் இணையுங்கள். ஒவ்வொன்றிலும் எடுப்பு குறையும், பனியும் பிடிக்காது.

அம்பாசமுத்திரம்: அப்பாவுக்கு வீட்டுல ஆக்சிஜன் வைக்கோம். சின்ன சிலிண்டர். மீட்டர் 60 காட்டுது. இது எத்தனை மணி நேரம் வரும்? எல்பிஜி மாதிரி இதுலயும் முள்ளை நம்பக் கூடாதா?

இதில் முள்ளை நம்பலாம் தம்பி. ஆக்சிஜன் சிலிண்டருக்குள் திரவம் கிடையாது, முழுக்க அழுத்தப்பட்ட வாயு. எடுக்க எடுக்க முள் அதே விகிதத்தில் இறங்கும். கணக்கு எளிது. சிலிண்டரின் கழுத்தில் நீர்க்கொள்ளளவு பொறித்திருக்கும். அது 10 லிட்டர் என்றால், மீட்டர் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ காட்டும்போது 10 × 60 = 600 லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. மருத்துவர் நிமிடத்துக்கு 2 லிட்டர் சொல்லியிருந்தால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். முழுசாக 150-இல் நிரப்பி வந்தால் 1500 லிட்டர், பன்னிரண்டரை மணி நேரம். ஆனால் கடைசிவரை ஓட்ட நினைக்காதீர்கள். முள் 30-க்கு வரும்போதே அடுத்த சிலிண்டர் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வால்வில் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது.

எல்பிஜிக்கும் இதற்கும் ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டைஆக்சைடை வைத்து 1869-இல் இதை விளக்கினார். ஆக்சிஜனுக்கு அந்த எல்லை சுழிக்குக் கீழே சுமார் 118 டிகிரி. நம்ம வெயிலில் அது திரவமாக வாய்ப்பே இல்லை. புரொப்பேனுக்கு எல்லை 97 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, ஆகவே வீட்டு வெப்பத்தில் அழுத்தினாலே திரவமாகிவிடும். கார்பன் டைஆக்சைடு நடுவில் மாட்டிக்கொள்கிறது, அதன் எல்லை 31 டிகிரி. அலுவலகச் சுவரில் தொங்கும் கருப்புக் கூம்பு வைத்த தீயணைப்பு சிலிண்டரில் மார்கழிக் காலையில் திரவம் இருக்கும், சித்திரை மதியத்தில் திரவம் என்ற ஒன்றே இருக்காது. அதனால்தான் அதையும் எடை போட்டே சோதிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த உண்மை இது.

வள்ளியூர், பஞ்சர் கடை: காலையில 32 பிஎஸ்ஐ வச்சு அனுப்புன கார், மத்தியானம் நாலுவழிச் சாலையில ஓடிட்டு வந்து பாத்தா 37 காட்டுது. வண்டிக்காரரு என் மீட்டர் தப்புங்காரு.

மேலப்பாளையம், பிளஸ் டூ மாணவர்: சார், கணக்குல ஏன் எப்பவும் கெல்வின்ல மாத்தச் சொல்லுதாங்க? செல்சியஸ்ல போட்டா என்ன?

இரண்டு பேருக்கும் ஒரே கணக்கில் பதில் சொல்லலாம். காலையில் டயர் 27 டிகிரி, மதியம் ஓடிச் சூடாகி 57 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். செல்சியஸிலேயே போட்டால் 57-ஐ 27-ஆல் வகுத்து, 32-ஐ அதனால் பெருக்கிச் சுமார் 68 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தின் அலகு) வரும். அப்படி ஒரு டயரை யாரும் பார்த்ததில்லை. தப்பு எங்கே? செல்சியஸில் சுழி என்பது தண்ணீர் உறையும் இடம். மூலக்கூறுகளின் ஓட்டம் அங்கே நின்றுவிடுவதில்லை. உண்மையான சுழி அதற்கும் கீழே 273.15 டிகிரியில் இருக்கிறது, அங்கிருந்து எண்ணுவதுதான் கெல்வின். ஆகவே 300 கெல்வினிலிருந்து 330 கெல்வின், பத்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது.

இதோடு முடியவில்லை. பரீட்சையில் பல பேர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. டயர் மீட்டருக்கும் சுழி பொய்ச் சுழிதான். டயர் தட்டையாகக் கிடக்கும்போதும் உள்ளே வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ இருக்கத்தான் செய்கிறது. மீட்டர் அதற்கு மேற்பட்டதை மட்டும் காட்டுகிறது. முழு அழுத்தம் 32 + 14.7 = 46.7. பத்தில் ஒரு பங்கு கூடினால் 51.4. அதில் 14.7-ஐக் கழித்தால் 36.7. வள்ளியூர்க்காரரின் மீட்டர் சரியாகவே காட்டியிருக்கிறது.

சூட்டில் கூடிய அந்த ஐந்தைத் திறந்துவிடச் சொன்னால் விடாதீர்கள். வண்டிக் கம்பெனி சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது. மதியம் இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் காற்று குறைந்து நிற்கும். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கி, அதிகமாகச் சூடாகி வெடிக்கும்.

மாஞ்சோலை மலையில் இருந்து இறங்கி வந்தவர்: மேல சோறு வேக நேரமாகும், குக்கர்ல மட்டும் சீக்கிரம் ஆகும். ஏன்?

ஆயிரம் மீட்டருக்கு மேலே தலைக்கு மேல் நிற்கும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. தண்ணீர் அங்கே சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீர் அதற்குமேல் சூடாகாது என்பதால் அரிசி தாமதமாக வேகும். பொதிகை உச்சி 1868 மீட்டர், அங்கே 94 டிகிரி அளவில் கொதிக்கும், டாரிசெல்லியின் பாதரசம் 76-க்குப் பதில் 61 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். குக்கர் வெயிட்டோ வெளிக்காற்றுக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வரை ஆவியை அடைத்து வைத்து 120 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகும் பஸ்ஸில் உப்பிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

கடையநல்லூர்: ஆனி, ஆடியில குற்றாலத்துல சாரல், பத்துப் பதினஞ்சு மைல் கிழக்க வந்தா வறண்ட காத்து. ஒரே காத்துதானே?

ஒரே காற்றுதான் அண்ணாச்சி, ஏறும்போது ஒரு குணம், இறங்கும்போது ஒரு குணம். அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, ஆகவே விரிகிறது. விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும், அந்த வேலைக்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுக்கிறது. வெளியிலிருந்து யாரும் குளிரவைக்கவில்லை. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். குளிர்ந்ததும் ஈரம் மேகமாகிறது. அப்போது ஆவி நீராகும் வெப்பம் திரும்பக் கிடைப்பதால், அதன்பின் குளிர்வது மெதுவாகும். மழையில் பெரும்பகுதி கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் தாழ்ந்திருப்பதால் அதன் வழியாக ஈரக்காற்று நுழைந்து குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கிறது.

கிழக்கே இறங்கும்போது எல்லாம் தலைகீழ். கீழே அழுத்தம் அதிகம், காற்று அமுங்குகிறது, நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி சூடாகிறது. ஈரத்தை ஏற்கெனவே இழந்த காற்று, இப்போது சூடும் ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஆனி மாதம் துணி அரைமணியில் காய்கிற ரகசியம் இதுதான். நமக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வரும் காற்று.

கயத்தாறு: ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க கடை சிமெண்ட் சீட்டு மேல்நோக்கிப் பிடுங்கிட்டுப் போச்சு. காத்து பக்கவாட்டுலதானே அடிச்சுது?

கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறைகிறது. கடைக்குள் இருக்கும் காற்று அசையாமல் முழு அழுத்தத்தோடு நிற்கிறது. உள்ளே இருப்பது சீட்டை மேலே தள்ளிவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றுக்கு இந்த வேறுபாடு சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ அளவுக்குப் போகலாம். இருநூறு சதுர அடிக் கூரைக்கு முந்நூறு கிலோவுக்கு மேல். காற்று வரும் பக்கம் ஷட்டர் திறந்திருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் கூடும். சீட்டின்மேல் நாலு கல் வைப்பது போதாது. ஓரங்களில் கொக்கி போல்ட்டை நெருக்கமாகப் போட்டு, கீழே இரும்புச் சட்டத்தைச் சுவரோடு பிணையுங்கள். காற்றடிக்கும்போது அந்தப் பக்கத்து ஷட்டரை இறக்கிவிடுங்கள்.

பணகுடி, கல்லூரி மாணவி: மகேந்திரகிரியில ராக்கெட் எஞ்சினை வெற்றிடத்துல வச்சு ஏன் சோதிக்காங்க?

நம்ம மாவட்டத்திலேயே இஸ்ரோ நடத்தும் பெரிய வேலை இது, கேட்டதில் எனக்குச் சந்தோஷம். மேல்நிலை எஞ்சின் எரிவது காற்றே இல்லாத உயரத்தில். அங்கே வாயுவை எவ்வளவு விரியவிடுகிறோமோ அவ்வளவு வேகத்தை அதிலிருந்து எடுக்கலாம். அதனால் வாயு வெளியேறும் கூம்பான நாசில் மிக அகலமாக இருக்கும். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சினின் நாசில் வாயில் வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான். தரையில் வெளிக்காற்றோ 1013 மில்லிபார். அப்படியே பற்றவைத்தால் வெளிக்காற்று நாசிலுக்குள் நெருக்கிப் புகுந்து, ஓடும் வாயுவைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். அது ஒரே சீராகவும் பிரியாது. பக்கவாட்டு அதிர்வில் நாசில் சேதமாகலாம். ஆகவே காற்றை வெளியேற்றிய அறையில் உயரத்தின் அழுத்தத்தை உண்டாக்கிச் சோதிக்கிறார்கள். 2024 நவம்பர் 29 அன்று நாசிலுக்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைப் பொருத்தி, கடல்மட்ட அழுத்தத்திலேயே அந்த எஞ்சினை எரித்தும் காட்டினார்கள்.

உவரி: அண்ணாச்சி, தாத்தா காலத்துல மூச்சடக்கிச் சங்கு குளிச்சாக. இப்போ கூட்டாளிங்க கம்ப்ரசர் ட்யூப் கடிச்சுக்கிட்டு இறங்குதாங்க. அதுல என்ன ஆபத்து?

தம்பி, இதைக் கூட்டாளிகள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். தாத்தா மேலே இழுத்த ஐந்து லிட்டர் மூச்சு பத்து மீட்டரில் இரண்டரை லிட்டராகச் சுருங்கும், மேலே வந்ததும் பழையபடி ஐந்து லிட்டராகும். நுரையீரலுக்கு அதனால் கேடு இல்லை. ட்யூபில் வரும் காற்று அப்படியில்லை. அது அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே வருகிறது. பத்து மீட்டரில் ஐந்து லிட்டர் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது பத்து லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். ஓர் ஆள் ஆழத்திலிருந்து வந்தால்கூட இது நடக்கலாம். மேலே வரும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

அடுத்தது நைட்ரஜன். அழுத்தம் கூடினால் அது ரத்தத்தில் அதிகமாகக் கரையும். அவசரமாக ஏறினால் ரத்தத்துக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலி, மரத்துப்போவது, பக்கவாதம் எல்லாம் அதிலிருந்து வரும். 1908-இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இதற்காகவே படிப்படியாக ஏறும் அட்டவணை போட்டுக் கொடுத்தார். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். நாளுக்குப் பல தடவை இறங்கினால் கரைந்தது முழுசாக வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். கம்ப்ரசர் காற்று இழுக்கும் இடம் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அதற்கு வாடையே கிடையாது. மேலே வந்தவனுக்கு மூட்டு வலித்தாலோ கால் மரத்தாலோ மறுபடி கடலில் இறக்கிப் பார்க்காதீர்கள். படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தான் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வள்ளியூர், பஞ்சர் கடை, மறுபடியும்: டயருக்கு நைட்ரஜன் அடிச்சா சூட்டுல ஏறாதுங்காங்களே, நெசமா?

நெசம் இல்லை அண்ணாச்சி. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டில் இரண்டும் ஒரே விதியில்தான் ஏறும். அதில் ஈரம் இருக்காது, டயர் ரப்பர் வழியாக வெளியே போவதும் கொஞ்சம் மெதுவாக நடக்கும். விமானச் சக்கரத்துக்கு அது அவசியம். நம்ம ஊர் வண்டிக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை டயர் குளிர்ந்திருக்கும்போது உங்களிடம் வந்து காற்று பார்த்துக்கொள்வதே போதும்.